வலத்தே பாடுபவர் வலத்திலேயே நிற்க: ஈக்யூவும் ஃபேஸும்

வில்லுப்பாட்டுக் குழு உட்காரும் ஒழுங்கிலேயே இடமும் வலமும் உண்டு. நடுவில் வீசுகோலோடு புலவர். ஒரு பக்கம் வலத்தே பாடுவோர், மறு பக்கம் இடத்தே பாடுவோர். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் அவரவர் கையில், அவரவர் இடத்தில். கோயில் கொடை விழாவில் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்பவருக்கு அந்த ஒழுங்கு தெரிய வேண்டும் என்றுதான் ஸ்டீரியோவில் மிக்ஸ் செய்கிறோம். ஆனால் மைக் வைத்தது சரி, பேன் (ஒலியை இடமோ வலமோ தள்ளும் குமிழ்) போட்டது சரி என்று இருந்தும், மிக்ஸ் முடிந்த பிறகு இடத்தே பாடுபவரின் குரல் இரண்டாகப் பிரிந்து கேட்கும். சொல்லின் கூர்மை இடப்பக்கமே நிற்கும். குரலின் கனம் மட்டும் நழுவி நடுவுக்கும் வலத்துக்கும் பரவிக் கிடக்கும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துச் சிறு ஸ்டூடியோக்களில் இதற்குச் சட்டென்று ஒரு மருந்து சொல்வார்கள்: "ஈக்யூ ஃபேஸைக் கெடுத்திருச்சு, லீனியர் ஃபேஸ் போடுங்க." ஈக்யூ என்பது குறிப்பிட்ட அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவி. ஃபேஸ் என்பது ஒலி அலை தன் சுழற்சியில் எவ்வளவு முந்தியோ பிந்தியோ நிற்கிறது என்பது; டிகிரியில் சொல்வோம். லீனியர் ஃபேஸ் என்பது அந்தத் திருப்பம் இல்லாத ஈக்யூ வகை. நோயைப் பாதி சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் எந்த ஈக்யூ, எந்த டிராக்கில், எந்தச் சேனலுக்கு என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் லீனியர் ஃபேஸ் போட்டால் இமேஜ் (ஒவ்வோர் ஒலியும் எங்கே நிற்கிறது என்று கேட்பவருக்குத் தெரிவது) திரும்பி வராமலும் போகலாம்; குடத்தின் அடி மழுங்குவது மட்டும் உறுதி.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். ஈக்யூவால் ஃபேஸ் எவ்வளவு திரும்பினாலும், இரண்டு சேனலும் ஒரே அளவு திரும்பினால் இமேஜ் நகராது. இரண்டுக்கும் இடையில் வேறுபாடு விழும் இடங்கள் சிலதான். அந்த இடங்களைத் தேடிப் பிடிப்பதே வேலை.

எவ்வளவு திரும்புகிறது

மிக்ஸரில் உள்ள குமிழானாலும், ரீப்பர் என்ற பதிவு மென்பொருளோடு வரும் ரியாஈக்யூ ஆனாலும், நாம் அன்றாடம் தொடும் ஈக்யூ மினிமம் ஃபேஸ் வகை. அளவை (ஒலியின் உரப்பை) மாற்றினால் ஃபேஸும் கூடவே மாறும். பெல் வடிவில், அதாவது ஒரு மையத்தைச் சுற்றி மணி போல, 6 டிபி ஏற்றினால், மைய அலைவரிசையில் ஃபேஸ் மாற்றம் சுழி. மையத்துக்குக் கீழே ஃபேஸ் முந்துகிறது, மேலே பிந்துகிறது. இரு பக்கமும் உச்சம் 19 டிகிரிக்குச் சற்று மேல். 3 டிபிக்கு இது 10 டிகிரி, 12 டிபிக்கு 37 டிகிரி. ஏற்றாமல் வெட்டினால் அதே அளவு, திசை மட்டும் தலைகீழ்.

கணக்கு எளிது. ஏற்றத்தை மடங்காக எழுதிக்கொள்ளுங்கள்: 6 டிபி என்றால் ஏறத்தாழ 2 மடங்கு. அதிலிருந்து 1-ஐக் கழித்ததை, அதோடு 1-ஐக் கூட்டியதால் வகுத்தால் 0.33. அதன் ஆர்க்சைன்தான் அந்த 19 டிகிரி. இந்தக் கணக்கில் க்யூ (பெல் எவ்வளவு குறுகியது என்பது) எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். க்யூவைக் கூட்டினால் உச்சம் கூடுவதில்லை. அதே திருப்பம் குறுகிய பட்டைக்குள் நெருக்கி அடைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

பெல்லைவிட, ஓர் அலைவரிசைக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ்தான் பெரிய ஆள். ஆக்டேவுக்கு 12 டிபி சரிவுள்ள பட்டர்வொர்த் வகை ஹை-பாஸ், வெட்டும் இடத்தில் 90 டிகிரி முந்துகிறது. ஒரு ஆக்டேவ் மேலே, அதாவது இரு மடங்கு அலைவரிசையில், 43 டிகிரி, இரண்டு ஆக்டேவ் மேலே 21 டிகிரி. 24 டிபி சரிவானால் வெட்டும் இடத்தில் 180, ஒரு ஆக்டேவ் மேலே 78, இரண்டு ஆக்டேவ் மேலே 38. அதாவது 100 ஹெர்ட்ஸில் 24 டிபி சரிவில் வெட்டினால், 400 ஹெர்ட்ஸில் அளவு கொஞ்சமும் குறையாமலே ஃபேஸ் 38 டிகிரி திரும்பியிருக்கும். திரையில் தெரியும் அளவுக் கோடு 400-இல் தட்டையாக இருப்பதால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று கண் நம்பிவிடுகிறது. ரியாஈக்யூவில் ஃபேஸைக் காட்டும் டிக் ஒன்று இருக்கிறது; அதைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நம் மாவட்டத்தில் ஹை-பாஸைத் தவிர்க்கவும் முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, முட்டம், குளச்சல் பக்கத்துக் கடற்காற்று, இரண்டு பருவமழையிலும் தகரக் கூரையில் விழும் இரைச்சல், ஜெனரேட்டரின் உறுமல் என்று வெளிப்பதிவில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குப்பைதான் அதிகம். அதனால் எல்லோர் கையும் முதலில் ஹை-பாஸுக்குத்தான் போகிறது. இமேஜ் கெடும் கதைகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்குகிறது.

காது எதைப் பிடிக்கிறது

ஒலி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காது இரண்டு குறிப்புகளால் அறிகிறது. ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாடு. அதற்கு மேலே, தலை மறைப்பதால் வரும் அளவு வேறுபாடு. இதை 1907-இலேயே இயற்பியலாளர் ரேலி பிரபு எழுதிவிட்டார். முழுக்க ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலிக்குக்கூட நேர வேறுபாடு 0.6 முதல் 0.7 மில்லி விநாடிதான். பழகிய காது மிகச் சாதகமான நிலையில் அதில் நூறில் இரண்டு பங்கு மாற்றத்தைக்கூட உணரும்.

அதனால் 8 கிலோஹெர்ட்ஸில் ஷெல்ஃப் (அதற்கு மேல் முழுவதையும் ஏற்றும் அல்லது இறக்கும் ஈக்யூ) போடும்போது ஃபேஸை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. 150 முதல் 800 ஹெர்ட்ஸ் வரைதான் கவலைப்பட வேண்டிய இடம். குரலின் கனமும் குடத்தின் உடம்பும் அங்கேதான் இருக்கின்றன.

ஹெட்போனும் ஸ்பீக்கரும் இங்கே ஒன்றல்ல. ஹெட்போனில் இடச் சேனல் இடக் காதுக்கு மட்டுமே போகிறது. சேனல்களுக்கு இடையிலான ஃபேஸ் வேறுபாடு அப்படியே காதுகளுக்கு இடையிலான நேர வேறுபாடு ஆகிவிடும். ஸ்பீக்கரில் இரண்டு காதும் இரண்டு ஸ்பீக்கரையும் கேட்கிறது. ஸ்டீரியோவின் முன்னோடி ஆலன் ப்ளும்லைன் தம் 1931 காப்புரிமை விண்ணப்பத்தில் சொன்ன சங்கதி இதுதான்: தாழ்ந்த அலைவரிசையில் ஸ்பீக்கர்களுக்கு இடையிலான அளவு வேறுபாடு, காதுக்கு வரும்போது நேர வேறுபாடாக மாறிவிடுகிறது. மறுபுறம், ஸ்பீக்கர்களுக்கு இடையில் ஃபேஸ் வேறுபாடு இருந்தால் அது தெளிவான இடமாக மாறாமல், எங்கிருக்கிறது என்று சொல்ல முடியாத ஒரு பரவலாகக் கேட்கும். ஆகவே ஹெட்போனில் "ஒரு பக்கமாக இழுக்கிறது" என்று தெரியும் அதே கோளாறு, ஸ்பீக்கரில் "மங்கலாக இருக்கிறது" என்று தெரியும். இரண்டு கோளாறு என்று எண்ணி இரண்டு மருந்து தேடுகிறவர்கள் உண்டு.

ஒன்றும் ஆகாத இடம்

ஸ்டீரியோ டிராக்கில் அல்லது மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் கடைசிப் பாதையில்) ஒரே ஈக்யூவை இரு சேனலுக்கும் இணைத்துப் போட்டால் இரண்டும் ஒரே அளவு திரும்புகின்றன. வேறுபாடு சுழி. இமேஜ் அசையாது. "மாஸ்டரில் மினிமம் ஃபேஸ் ஈக்யூ போட்டால் ஸ்டீரியோ கலைந்துவிடும்" என்பதில் உண்மையில்லை. கலைவது போலத் தோன்றினால் பெரும்பாலும் அது ஃபேஸ் அல்ல. 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றியதால் பக்கத்து ஒலிகள் முன்னால் வந்திருக்கும், அல்லது 300-ஐ வெட்டியதால் நடுக்குரல் மெலிந்திருக்கும்.

விதிவிலக்கு ஒன்று: அனலாக் சாயல் தரும் சில பிளகின்கள் (மென்பொருள் கருவிகள்) வேண்டுமென்றே இரு சேனலுக்கும் சிறு வேறுபாடு வைத்திருக்கும். உண்மையான அனலாக் கருவியிலோ அதைக் கேட்கவே வேண்டாம், தானாக இருக்கும். கார்பன் குமிழ்களின் மதிப்பு 20 சதவீதம் முன்பின் இருப்பது சாதாரணம். நம் ஊர் மைக் செட்டுகளில் இன்றும் ஓடும் 31 பட்டை கிராஃபிக் ஈக்யூவில் இட வரிசையும் வல வரிசையும் தனித்தனி ஃபேடர். 500 ஹெர்ட்ஸ் ஃபேடர் ஒரு பக்கம் 6 டிபி ஏறி நின்றால், அதன் ஓரங்களில் 19 டிகிரி வேறுபாடு. 400 ஹெர்ட்ஸில் அது 0.13 மில்லி விநாடி. ஆனால் அந்த 6 டிபி அளவு வேறுபாடே, நடுவிலிருந்து இரு பக்கமும் 30 டிகிரி கோணத்தில் நிற்கும் ஸ்பீக்கர் ஜோடியில் ஒலியை 11 டிகிரி நகர்த்திவிடும். இங்கே குற்றவாளி அளவுதான். ஃபேடர்களை இணையாக வைத்தால் ஃபேஸும் தானே சரியாகிவிடும். ஃபேஸைத் தனியாகத் திருத்தப் போக வேண்டாம்.

அளவு மாறாமல் இடம் மாறுவது

இப்போது ஃபேஸ் மட்டுமே தனியாகச் செய்யும் வேலைக்கு வருவோம். குழுவுக்கு முன்னால் 2.5 முதல் 3 மீட்டர் தள்ளி ஒரு ஜோடி மைக், ஓஆர்டிஎஃப் முறையில்: இடைவெளி 17 சென்டிமீட்டர், கோணம் 110 டிகிரி. இந்த 17 சென்டிமீட்டர் தரும் நேர வேறுபாடு, முழுப் பக்கத்து ஒலிக்கு ஏறத்தாழ 0.49 மில்லி விநாடி. இமேஜின் தாழ்ந்த பாதி இந்த அரை மில்லி விநாடிக்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டு மைக்கையும் தனித்தனி மோனோ டிராக்கில் வைத்து, தனித்தனி ஈக்யூ போட்டிருக்கிறோம். காற்று ஒரு மைக்கில் மட்டும் அதிகம் மோதியிருக்கிறது. இடச் சேனலில் 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ், வலச் சேனலில் அதையே 100 ஹெர்ட்ஸுக்கு நகர்த்துகிறோம். இரண்டும் 24 டிபி சரிவு. 160 ஹெர்ட்ஸில் பாருங்கள். அளவு வேறுபாடு 0.1 டிபிகூட இல்லை, மீட்டரில் தெரியாது. ஃபேஸ் ஒன்றில் 78 டிகிரி, மற்றதில் 100 டிகிரி. அந்த 22 டிகிரி வேறுபாடு 160 ஹெர்ட்ஸில் 0.39 மில்லி விநாடி. மைக் ஜோடி மொத்தமாகத் தரக்கூடிய 0.49-இல் ஐந்தில் நான்கு பங்கு! நடுவில் இருந்த ஆண்குரலின் அடிப்பகுதி ஹெட்போனில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

தீர்வுக்கு எந்தப் பிளகினும் வாங்க வேண்டாம். ஜோடி மைக்கை ஒரே ஸ்டீரியோ டிராக்காக மாற்றி, ஒரே ஈக்யூ. காற்று அதிகம் பட்ட சேனலுக்கு எது தேவையோ அதையே இரண்டுக்கும். தனி டிராக்காகத்தான் வைக்க வேண்டும் என்றால் இரண்டையும் ஒரு பஸ்ஸுக்கு (கூட்டுப் பாதைக்கு) அனுப்பி, ஹை-பாஸை பஸ்ஸில் போடுங்கள். பதிவின்போதே மைக்கிலோ ப்ரீஆம்பிலோ உள்ள ஹை-பாஸ் சுவிட்ச் ஒன்றில் மட்டும் போடப்பட்டிருந்தால் அதுவும் இதே கோளாறுதான். பதிவுக்கு முன் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும். இருட்டில் அந்தச் சின்ன சுவிட்ச் கண்ணுக்குத் தெரியாது.

மிட்-சைடில் நடக்கும் கசிவு

முதலில் சொன்ன அந்தப் பிளந்த குரலுக்கு மிகப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது. "பேஸை மோனோ ஆக்கு", அதாவது தாழ்ந்த ஒலியை நடுவில் சேர், என்ற அறிவுரையைக் கேட்டு, மாஸ்டரில் மிட்-சைட் ஈக்யூ போட்டு, சைடில் மட்டும் 120 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் போடுகிறோம். மிட் என்பது இடமும் வலமும் கூட்டியது. சைட் என்பது இடத்திலிருந்து வலத்தைக் கழித்தது. முழுக்க இடத்தில் பேன் செய்த ஒரு குரலுக்கு மிட்டும் சைடும் சம அளவு. திரும்பப் பிரிக்கும்போது வலச் சேனலில் மிட்டிலிருந்து சைடைக் கழிக்க, இரண்டும் ஒன்றையொன்று அழித்துச் சுழியாக வேண்டும். சைட் மட்டும் ஃபேஸ் திரும்பிவிட்டால் அழிதல் முழுமையாகாது. மிச்சம் வலச் சேனலில் கேட்கும்.

எவ்வளவு மிச்சம்? 120-க்கு ஒரு ஆக்டேவ் மேலே, 240 ஹெர்ட்ஸில் கணக்கிட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 6 டிபி சரிவில், வலச் சேனலில் இடத்தைவிட 12 டிபி மட்டுமே குறைவாக அந்தக் குரல் கசிகிறது. 12 டிபி சரிவில் 8 டிபி குறைவு. 24 டிபி சரிவில் 2 டிபிகூடக் குறைவில்லை! முழு இடத்தில் வைத்த குரலின் 240 ஹெர்ட்ஸ் பகுதி இரு சேனலிலும் ஏறத்தாழச் சம அளவில், 90 டிகிரி ஃபேஸ் வேறுபாட்டோடு நிற்கிறது. அளவைக் கேட்டால் "நடுவில்" என்கிறது, நேரத்தைக் கேட்டால் "இடத்தில்" என்கிறது. காது குழம்பி, அதைப் பரவலாகக் கேட்கிறது. சரிவைக் கூட்டினால் வேலை "சுத்தமாக" நடக்கும் என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான விளைவு.

இதே அளவுக் கோட்டை லீனியர் ஃபேஸில் போட்டால், 12 டிபி சரிவுக்கு 240 ஹெர்ட்ஸில் கசிவு 36 டிபி கீழே போய்விடும். அதாவது இல்லை என்றே சொல்லலாம். லீனியர் ஃபேஸுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் இது.

ஆனால் அதைவிட எனக்குப் பிடித்த வழி வேறு. லிங்க்விட்ஸ்-ரைலி 24 டிபி கிராஸ்ஓவரால் சிக்னலை 120-இல் இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பட்டையை மட்டும் மோனோ ஆக்கி, மறுபடி கூட்டுவது. இந்த வகைக் கிராஸ்ஓவரில் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் எல்லா அலைவரிசையிலும் ஒரே ஃபேஸில் இருக்கும். ஆகவே மிட்டும் சைடும் ஒரே அளவு திரும்புகின்றன. இரண்டுக்கும் இடையில் வேறுபாடு விழுவதில்லை. 240 ஹெர்ட்ஸில் கசிவு 30 டிபி கீழே. லீனியர் ஃபேஸில் வரும், அடிக்கு முன்கூட்டியே ஒலிக்கும் கோளாறும் இல்லை, தாமதமும் ஏறத்தாழ இல்லை. மல்ட்டிபேண்ட் வகைப் பிளகின்களில் இந்தக் கிராஸ்ஓவர் சாதாரணமாகக் கிடைக்கும்.

"மோனோ பேஸ்" என்று ஒரே குமிழோடு வரும் பிளகின்களில் உள்ளே எந்த வழி இருக்கிறது என்று பெயரைப் பார்த்துத் தெரியாது. சோதித்துவிடலாம். ஒரு டிராக்கில் டோன் ஜெனரேட்டர் போட்டு 240 ஹெர்ட்ஸ் சைன் அலையை 12 டிபி கீழே வையுங்கள். பேனை முழு இடத்துக்குத் தள்ளுங்கள். அடுத்து அந்தப் பிளகின், 120 ஹெர்ட்ஸில். பிறகு வலச் சேனல் மீட்டரைப் பாருங்கள். அங்கே இடத்தைவிட 30 டிபி கீழே இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். 10 டிபிதான் கீழே என்றால், அது மினிமம் ஃபேஸ் சைட் ஹை-பாஸ். அதை விட முடியாது என்றால் வெட்டும் இடத்தை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். 12 டிபி சரிவில் 240 ஹெர்ட்ஸ் கசிவு 15 டிபி கீழே போகும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வேலையே தேவையா? இசைத்தட்டு வெட்டுவதற்கு அது அவசியமாக இருந்தது. கொடைப் பந்தலில் சப்-வூஃபர் பெட்டிகள் எப்படியும் மோனோவில்தான் ஓடுகின்றன. வில்லுப்பாட்டில் தாழ்ந்த ஒலி தரும் கருவி பெரும்பாலும் குடம் ஒன்றுதான். அதை மிக்ஸில் நடுவிலோ, லேசாக ஒரு பக்கம் தள்ளியோ வைத்தால் பேஸ் தானாகவே நடுவில் இருக்கும். மாஸ்டரில் செய்யும் மோனோ பேஸ், பல நேரங்களில் பேன் குமிழிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

சைடில் மேல் ஷெல்ஃப் போட்டு அகலத்தைக் கூட்டுவது வேறு விஷயம். 8 கிலோஹெர்ட்ஸில் 3 டிபி ஏற்றினால், இடத்துக் கட்டைத் தாளம் வலச் சேனலில் 15 டிபி கீழே, எதிர்த் துருவத்தில் (அலை தலைகீழாக) தோன்றும். லீனியர் ஃபேஸ் போட்டாலும் அது தோன்றத்தான் செய்யும். அது அளவால் வருவது. அகலம் என்று காது கேட்பதும் அதையேதான். 3 டிபிக்கு மேல் போனால் ஜால்ரா தலையைச் சுற்றி மிதக்கத் தொடங்கும்.

அண்மை மைக்கும் ஜோடி மைக்கும்

ஜோடி மைக்கோடு, புலவருக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று என அண்மை மைக்குகளும் இருக்கும். குடத்தின் மைக் அரை மீட்டரில், ஜோடி 3 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். 2.5 மீட்டர் வேறுபாடு. 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர், ஆகவே 7.2 மில்லி விநாடி, 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) சுமார் 344 சாம்பிள். இதைச் சரிசெய்யாமல் இரண்டையும் கூட்டினால் 70 ஹெர்ட்ஸில் முதல் பள்ளம், பிறகு 140 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாகச் சீப்புப் பல் போலப் பள்ளங்கள். இடது வலது மைக்குகளுக்குக் குடத்திலிருந்து உள்ள தூரம் வேறு வேறு என்பதால், பள்ளங்கள் இரு சேனலிலும் ஒரே இடத்தில் விழாது. குடம் ஒவ்வோர் அலைவரிசையில் ஒவ்வொரு பக்கம் நிற்பதற்கு அதுவே போதும். இதில் ஈக்யூவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எனவே வரிசை முக்கியம். முதலில் அண்மை மைக்கைத் தாமதப்படுத்தி அடிகளை ஒன்றின் மேல் ஒன்று வைக்க வேண்டும். கைதட்டல் ஒன்றைக் குடத்தருகே பதிவு செய்து வைத்திருந்தால் அலை வடிவத்தைப் பார்த்தே ஒட்டிவிடலாம். அடுத்து துருவம்: அண்மை மைக்கின் அலையைத் தலைகீழாக்கிப் பார்த்து, எதில் கனம் அதிகமோ அதை வைக்க வேண்டும். அதன் பிறகுதான் ஈக்யூ.

ஈக்யூவில் வழக்கமாக நடப்பது, குடத்தின் அண்மை மைக்கில் 80 ஹெர்ட்ஸில் 24 டிபி ஹை-பாஸ், ஜோடியில் ஒன்றுமில்லை. 80 ஹெர்ட்ஸில் அண்மை மைக் 3 டிபி குறைந்து, 180 டிகிரி திரும்பி, ஜோடியோடு எதிராக நிற்கிறது. இரண்டும் சம அளவில் இருந்தால் மொத்தம், ஜோடி மட்டும் இருந்தபோது கேட்டதைவிட 10 டிபிக்கு மேல் குறைந்துபோகும். மைக் சேர்த்ததால் கனம் குறைகிறது! அதே இடத்தில் 12 டிபி சரிவு போட்டால் 90 டிகிரிதான். மொத்தம் 2 டிபி அளவுக்குக் கூடவே செய்யும். ஒரே கருவியைக் கேட்கும் மைக்குகளுக்கு ஒரே ஹை-பாஸ், அல்லது மென்மையான சரிவு. முடியாவிட்டால் அண்மை மைக்குக்கு மட்டும் லீனியர் ஃபேஸ்.

தவிலில் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனி மைக் வைத்து இடம்-வலமாகப் பேன் செய்யும்போதும் இதே பாடம். வலந்தலை மைக்கில் 150 ஹெர்ட்ஸில் செங்குத்தாக வெட்டினால், தொப்பியிலிருந்து அங்கே கசிந்திருக்கும் ஒலியும் சேர்ந்து திரும்பும். தவிலின் அகலம் ஆடும்.

லீனியர் ஃபேஸின் விலை

லீனியர் ஃபேஸ் என்பது எல்லா அலைவரிசையையும் ஒரே அளவு தாமதப்படுத்தும் சமச்சீர் வடிகட்டி. 4,096 புள்ளி நீளமானால், 48 கிலோஹெர்ட்ஸில் தாமதம் 2,048 சாம்பிள், அதாவது 43 மில்லி விநாடி. தாழ்ந்த அலைவரிசையில் துல்லியம் வேண்டி 16,384 புள்ளிக்குப் போனால் 171 மில்லி விநாடி. பாடகரின் காதுக்குத் திரும்பும் வழியில் இதைப் போடவே முடியாது.

மற்ற விலை, அடிக்கு முன்பே வரும் முன்னொலி. சமச்சீர் என்பதால் அதிர்வு அடிக்குப் பின்னால் மட்டும் இல்லாமல் முன்னாலும் பாதி நிற்கும். உரத்த ஒலி தனக்கு முந்தைய சிற்றொலியைக் காதிலிருந்து மறைப்பது சில மில்லி விநாடிகளுக்குத்தான். 100 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சியே 10 மில்லி விநாடி. ஆகவே தாழ்ந்த இடத்தில் செங்குத்தாக வெட்டினால், குடத்தில் அடி விழும் முன்பே ஒரு மெல்லிய உறிஞ்சல் கேட்கும். மேல் அலைவரிசையில் மென்மையான வளைவுகளுக்கு இது பொருட்டே அல்ல.

இன்னொரு இடத்திலும் லீனியர் ஃபேஸ் தவறான தேர்வு, இதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. மைக்கோ, குடத்தின் உடலோ 220 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து நீளமாக இழுக்கிறது என்றால், அந்த ஒத்ததிர்வே மினிமம் ஃபேஸ் இயல்புடையது. அதற்குச் சரியான எதிர் வடிவம் மினிமம் ஃபேஸ் பெல்தான்: அளவும் சரியாகும், ஃபேஸும் சரியாகும், இழுப்பும் குறையும். லீனியர் ஃபேஸில் வெட்டினால் அளவு மட்டும் குறைந்து, இழுப்பின் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடும்.

ஃபேப்ஃபில்டர் நிறுவனத்தின் ப்ரோ-க்யூ 3 போன்ற ஈக்யூ பிளகின்களில் ஜீரோ லேட்டன்சி, நேச்சுரல் ஃபேஸ், லீனியர் ஃபேஸ் என்று மூன்று முறைகள் இருக்கும். ஒரே கருவியின் மைக்குகளில் ஒன்றுக்கு ஒரு முறை, மற்றதற்கு வேறு முறை என்று கலப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

இணைப் பாதையில், அதாவது மூல ஒலியோடு ஈக்யூ போட்ட நகலைக் கலக்கும்போது, தாமத ஈடுசெய்தல் சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சாம்பிள் பிசகினாலே 10 கிலோஹெர்ட்ஸில் 75 டிகிரி. சோதனை எளிது: இரண்டு நகல், ஒன்றில் எல்லாப் பட்டையும் சுழியில் வைத்த ஈக்யூ, மற்றதில் துருவம் தலைகீழ். கூட்டினால் முழு அமைதி வர வேண்டும். சத்தம் ஏதாவது மிஞ்சினால் அந்தப் பிளகின் தன் தாமதத்தைச் சரியாகச் சொல்லவில்லை, அல்லது சுழியிலும் ஏதோ செய்கிறது.

கேட்டுப் பார்க்கும் முறை

ஈக்யூவைச் சந்தேகிப்பதற்கு முன் ஸ்பீக்கர் கம்பியைப் பாருங்கள். மோனோ குரலை ஓட்டினால் அது நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். நிற்காமல் பரவி, பேஸும் காணாமல் போனால் ஒரு ஸ்பீக்கரின் இரு கம்பிகள் மாறியிருக்கின்றன. சாதாரண வூஃபர் கோனில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால், நேர் முனை நேர் முனையோடு சேரும்போது கோன் வெளியே தள்ள வேண்டும். ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம்.

இரு சேனலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் உதவும், ஆனால் மொத்தமாகக் காட்டும் ஒற்றை முள் ஏமாற்றும். நடுக்குரல் உரக்க இருந்தால் முள் 0.8-லேயே நிற்கும், 200 ஹெர்ட்ஸில் நடக்கும் குழப்பம் தெரியாது. வாக்செங்கோ நிறுவனத்தின் இலவச கோரிலோமீட்டர் பட்டை பட்டையாகக் காட்டும். சைடில் எதையாவது மாற்றும் முன்னும் பின்னும் 150 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அகலமாகப் பேன் செய்த மிக்ஸில் 0.5-க்கு மேல் இருந்த பட்டை 0.1-க்கு இறங்கினால் கசிவு நடந்திருக்கிறது.

பிறகு மோனோ. கோயில் மரத்திலும் கம்பத்திலும் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகள் மோனோவில்தான் பாடுகின்றன, அவற்றில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வருவதில்லை. மோனோவில் சைட் முழுக்க அழிந்துவிடுவதால் மிட்-சைட் கசிவு அங்கே தெரியாது; மோனோவில் நன்றாக இருக்கிறது என்பது இமேஜுக்குச் சான்றாகாது. ஆனால் அண்மை மைக்கின் சீப்புப் பள்ளங்கள் அப்படியே கேட்கும். மாஸ்டரில் 300-க்குக் கீழே வெட்டி, மோனோ ஆக்கி, ஒரே ஸ்பீக்கரில் ஓட்டி, அண்மை மைக்கைத் திறந்தும் மூடியும் கேட்டால் போதும். திறக்கும்போது புலவரின் குரல் குழாய்க்குள் போனது போல மாறினால் தாமதம் இன்னும் ஒட்டவில்லை. 10 சாம்பிள் முன்பின் நகர்த்திக்கொண்டே, குரல் மறுபடி திறந்து வரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடம் கிடைத்ததும் ஹை-பாஸைப் போட்டு, துருவத்தை இன்னொரு முறை மாற்றிக் கேளுங்கள். ஹை-பாஸுக்கு முன் சரியாக இருந்த துருவம், 24 டிபி சரிவு போட்ட பிறகு தாழ்ந்த பகுதியில் எதிர்ப்பக்கம் போயிருக்கக்கூடும்.